மணவறையருகே நிற்க ஒரு வழி

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பத்தாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராஜலிங்கம், தம் இளைய மகள் யோகமலரின் தாலிகட்டு நேரத்தில் மூத்த மகள் சந்திரிகா மணவறைப் பக்கம் வரமாட்டாள் என்று அன்று வாக்குக் கொடுத்தார். மூத்தவள் செய்த குற்றம், கணவனை இழந்தது.

வாக்குக் கேட்டவர், தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் சுப்பம்மா. தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. மூத்த புள்ள தங்கமான புள்ளதான். பந்திய பாக்கட்டும், வர்றவங்கள கவனிக்கட்டும். தாலி கட்டுறப்ப மட்டும் முன்னுக்கு வேணாம்."

"அதுக்கென்னங்க" என்றார் ராஜலிங்கம்.

அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு கணங்கூடத் தேவைப்படவில்லை. சமையலறை வாசலில் பலகாரத் தட்டோடு நின்ற சந்திரிகா உள்ளே வந்து தட்டை வைத்தாள். வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். இது வழக்கமாம். யார் வகுத்த வழக்கம், எதற்காக வகுத்தது என்று அந்த அறையில் இருந்தவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

சந்திரிகாவின் கணவன் லொறிச் சாரதி. கடுகண்ணாவை மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லொறியோடு அவனும் போய்விட்டான். தகப்பன் வீட்டுக்குத் திரும்பியவள் ஜமால்தீனின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண்கள் போய்ப் படமெடுக்க முடியாது. அதற்கொரு பெண் வேண்டியிருந்தது. கமரா பிடிக்க அவளுக்கு ஜமால்தீனே கற்றுக்கொடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் எத்தனையோ மணப்பெண்களை முதலில் படமெடுத்தவள் அவள்தான்.

மறுவாரம் கலியாணப் படத்துக்குச் சொல்லி வைக்க ராஜலிங்கம் ஸ்டூடியோவுக்குப் போனார்.

"முதலாளி, மண்டபம் பெரிசு" என்றார் ஜமால்தீன். "இன்னொரு ஆளும் வேணும்."

"ரெண்டு பேரா? சினிமாவா எடுக்கப் போறோம், நானா?" ஜமால்தீனை அண்ணன் முறையில் 'நானா' என்றே அவர் அழைப்பார்.

"சினிமால பிழைச்சா திரும்ப எடுக்க ஏலும். தாலிய அவுத்துத் திரும்பக் கட்ட ஏலுமா? நான் பிலிம் ரோல் மாத்துற நேரம் பாத்து மாப்பிள்ள முடிச்சுப் போட்டா என்னத்தச் செய்யிற? பக்கத்துல இன்னொரு கமரா இரிக்கோணும்."

"ஆளுக்கு எங்க போறது?"

ஜமால்தீன் சிரித்தார். "உங்கட ஊட்டுலயே இரிக்கிதானே!"

ராஜலிங்கம் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தார். மணவறைக்கு மிக அருகே நிற்பவர் யார்? படமெடுப்பவர். அவர் எந்தச் சாதி, எந்தச் சமயம், அவர் வீட்டில் யார் இருக்கிறார், யார் இறந்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஜமால்தீன் எத்தனையோ தாலிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தவர். அப்படியானால், சந்திரிகா நின்றால் மட்டும் எப்படித் தடுப்பார்கள்? ஆனாலும் கொடுத்த வாக்கு நெஞ்சில் உறுத்தியது. மறைத்துச் செய்கிற நன்மை நன்மைதானா என்றும் ஐயம் எழுந்தது. சந்திரிகாவை வைப்பதா, வேண்டாமா என்று முடிவு காணாமலே நாள்கள் கழிந்தன.

கூறைச்சேலை எடுக்க இரு வீட்டாரும் கண்டிக்குப் போனபோது, சுப்பம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டு கமராக்காரங்கள வைக்கலாம்னு பாக்குறேன்."

"வைங்க, வைங்க! எங்க சனத்துக்கு முன்னால கௌரவமா இருக்கும்ல?"

யாரை என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அன்று மாலை, பரிசு கொண்டுவந்தவரைப்போலச் சந்திரிகாவிடம் அதைச் சொன்னார். அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் யாரா வர்றது?"

"படமெடுக்கத்தான், தாயி. வாக்கும் கெடாது, நீயும் பக்கத்துல நிப்ப."

"அம்மா போனதுலருந்து மலருக்குத் தலை வாரிவிட்டது நான். அக்காவா நின்னா ஆகாது, கமராவோட நின்னா ஆகுமா?"

"ஊரு ஒண்ணு சொல்லும், புள்ள..."

"ஊரு உங்கள ஏதும் சொல்லுச்சா? அம்மா போயி இத்தன வருஷமாச்சு. தள்ளி நில்லுங்கன்னு உங்கள ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

மனைவியை இழந்த ராஜலிங்கம் அன்று காலைதான் தமக்கென்று பட்டு வேட்டி வாங்கியிருந்தார்.

"வர்றேன்" என்றாள் சந்திரிகா. "மலருக்காக வர்றேன். ஆனா ஸ்டூடியோ ஆளாத்தான் வருவேன். கூலியும் வாங்குவேன்."

செப்டெம்பர் ஏழாந் திகதி, சாம்பல்நிறச் சேலையில், கழுத்தில் தொங்கிய கமராவோடு அவள் மணவறையருகே வந்து நின்றாள். சுப்பம்மா பார்த்துவிட்டார். சுப்பம்மாவின் முகம் இறுகியது. பிறகு தம்மவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தா, கமராக்காரப் புள்ள! யாரும் மறைக்காம என்னையும் சேத்து எடு."

பெயர் தெரிந்தும் பெயர் சொல்லவில்லை. மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கட்ட, குனிந்திருந்த யோகமலர் தலையை நிமிர்த்தினாள். வெளிச்சம் மின்னியது.

பின்னர்க் குடும்பப் படத்துக்கு எல்லாரையும் நிறுத்தினார்கள். எடுக்க வேண்டியவள் சந்திரிகா. ஜமால்தீன் முன்னால் வந்து அவளிடம் கையை நீட்டினார்.

"கமராவ என்னட்டத் தாங்க. முதலாளி, இத நான் எடுக்கிறன். இந்தத் தங்கச்சி அங்கால வந்து நிக்கட்டுமே?"

சந்திரிகா தகப்பனைப் பார்த்தாள். வரிசையில் மலருக்கு அருகே ஓர் ஆள் நிற்கும் இடமிருந்தது. ராஜலிங்கம் சுப்பம்மாவைப் பார்த்தார்.

"நேரம் போகுது நானா. அதுவே எடுக்கட்டும்" என்றார் ராஜலிங்கம்.

சந்திரிகா கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றாள். நெருங்கினார்கள், அந்த இடம் மூடியது.

அல்பம் வந்தது. தாலிகட்டும் படத்தில் யோகமலர் நேரே பார்க்கிறாள். கமராவை எவ்வளவு அழகாகப் பார்க்கிறாள் என்று வந்தவர் அனைவரும் புகழ்கின்றனர். அவள் பார்த்தது கமராவை அல்ல என்பது ராஜலிங்கத்துக்குத் தெரியும். புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். சுப்பம்மா பதினைந்து படங்களில் இருக்கிறார். சமையற்காரர்கூட ஒன்றில் இருக்கிறார். சந்திரிகா ஒன்றிலும் இல்லை.

இதை வாசிக்கும் நீங்கள் எழுந்து போய் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். கலியாண அல்பத்தை எடுங்கள். அதில் யார் இல்லை என்று பாருங்கள். ஏன் இல்லை என்று வீட்டாரிடம் கேளுங்கள். அடுத்த தாலிகட்டுக்கு அவளைப் பெயர் சொல்லி, கையில் ஒரு வேலையும் கொடுக்காமல், முன்வரிசைக்கு அழையுங்கள்.