புளி போட்டு மினுக்கிய தொப்பிச் சின்னம்

பித்தளை கறுத்துக் கிடந்தால் விமலாதேவிக்குக் கை சும்மா இருக்காது. கணவர் அரியரத்தினம் பழஞ்சாமான் கடையில் தேடிப் பிடித்த சுற்றிவர இலைகளும் நடுவில் கோட்டையும் கொண்ட பிரிட்டிஷ் இராணுவத் தொப்பிச் சின்னத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மேசையில் வைத்துவிட்டாள்.

அரியரத்தினம் தலையில் கைவைத்தார்.

"என்ன வேலையப்பா பாத்து வைச்சிருக்கிறீர்! பழைய சின்னத்தை ஒருத்தரும் மினுக்கிறேல்லை, மதிப்புப் போயிடும். நாளைக்கு என்னெண்டு இதைக் கொண்டுபோய் வைக்கிறது?"

1976ஆம் ஆண்டு, மெல்பேர்ண். சின்னம் சேகரிப்போர் சங்கத்தில் நாலு வருடம் பின்வரிசையில் இருந்த மனிதருக்கு அப்போதுதான் கண்காட்சியில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். விமலாதேவி சின்னத்தைத் துணியால் மூடப் போனாள். அவரோ திடீரென்று பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"பொறும். இலையள் பித்தளை, சரி. நடுவில கோட்டை வெள்ளை உலோகமாயெல்லோ இருக்க வேணும்? இதுவும் மஞ்சள்!" அவர் குரல் ஏறியது. "1916இல, உலகப் போர் நேரம், வெள்ளை உலோகத்துக்குத் தட்டுப்பாடு வர, முழுப் பித்தளையில அடிச்சவங்கள். அதுதான் இது!"

மறுநாள் கண்காட்சி மண்டபத்தில் சங்கத் தலைவர் அதைக் கையில் எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார். கோட்டையே மஞ்சளாயிருக்கிறது, போலி, மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அரியரத்தினம் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஆள். அன்றைக்கு அசையவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முன்னால் மேடாயிருந்த ஒவ்வோர் இலையும் பின்னால் பள்ளமாயிருந்தது. அச்சில் அழுத்தியது, வார்த்த போலியல்ல என்றார்.

அப்படியானால் கோட்டைக்கு வெள்ளைப் பூச்சு இருந்திருக்கும், தேய்த்ததில் போயிருக்கும் என்றார் தலைவர். அரியரத்தினம் மனைவியைப் பார்த்தார்.

அந்த மண்டபத்தில் விமலாதேவி அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். தேய்த்தது நான், கறுப்பு அழுக்கைத் தவிர வேறொன்றும் வரவில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். வெள்ளைப் பூச்சு இருந்திருந்தால், கோட்டைக் கற்களுக்கு நடுவே என் விரல் போகாத இடுக்கில் மிச்சம் நிற்கும். பாருங்கள் என்றாள்.

தலைவர் கண்ணாடி வைத்து இடுக்கு இடுக்காகப் பார்த்தார். மூக்கு நுனி சிவந்தது. முழுப் பித்தளைதான், எங்கள் சங்கத்தில் ஒருவரிடமும் இது இல்லை என்று ஒத்துக்கொண்டு, அரியரத்தினத்துக்குக் கை கொடுத்தார். விமலாதேவிக்கு மார்பு பூரித்தது.

செயலாளர் பதிவேட்டைத் திறந்தார். அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் எழுதத் தொடங்கிய கையை அரியரத்தினம் மறித்தார். நான் படித்ததைச் சொன்னேன், நிரூபித்தது இவர், இவருடைய பெயரையும் எழுதுங்கள் என்றார்.

மிஸஸ் அரியரத்தினம்தானே என்று செயலாளர் கேட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாலு வருடமாக வங்கியிலும் ஆசுப்பத்திரியிலும் அவளுக்கு அதுதான் பெயர்.

"இல்லை," என்றாள் அவள். "விமலாதேவி."