ரெக்ஸ்டேலில் தாழ்ந்த வீடு

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் உள்ள கிளிபோட்டின் வீடு, அவருடைய தம்பி அன்ட்ரூ ஜேர்மனியில் ஒரு நிலக்கரி நகரத்துக்கு மேயரான அன்று யன்னல் மட்டத்துக்கு நிலத்துள் இறங்கியது. சுவரில் வெடிப்பு இல்லை. அலுமாரியில் ஒரு கோப்பைகூட விழவில்லை. அந்த வருடம் வீட்டு விலைகளும் இறங்கியிருந்ததால் தெருவில் யாரும் இதைத் தனியாகப் பேசவில்லை.

சகோதரர் இருவரும் மன்னாரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள். ஜேர்மனிவரை வந்தபோது, அங்கிருந்து கனடாவுக்குப் போக ஒருவருக்கு மட்டுமே வழி கிடைத்தது. மூத்தவர் என்பதால் கிளிபோட் விமானம் ஏறினார். தம்பியை விட்டுவந்ததற்காகச் சில வருடங்கள் இரங்கினார். அந்த இரக்கம் அவருக்குச் சுகமாகவே இருந்தது. அன்ட்ரூ சுரங்கத்துக் கன்ரீனில் கோப்பை கழுவி, பிறகு கீழே இறங்கிக் கரி வெட்டினார். அவர் தொழிற்சங்கத் தலைவரானபோதுதான் கிளிபோட்டின் வாசற்படி முதன்முதலாகப் புல்லோடு சமமானது. சுரங்கத்தை மூடியபோது, வேலையிழந்தவர்களின் ஓய்வூதியத்துக்காக அன்ட்ரூ அதன் வாசலில் பனியில் படுத்துக்கிடந்தார். அந்த வயதான தொழிலாளர்களே அவரை மேயராக்கினார்கள். சுரங்கத் தொழிலாளரின் விழா உடுப்பில், கறுப்புக் கோட்டும் பொன்னிறப் பொத்தான்களும் இறகு வைத்த தொப்பியுமாக அவர் நின்ற படம் ரொறன்ரோவில் எல்லோருடைய போனுக்கும் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், "உங்கட தம்பியெல்லே," என்று ஆட்கள் கிளிபோட்டின் கையைப் பிடித்தார்கள். அவர் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீடு இன்னும் கொஞ்சம் கீழே போயிருக்கும்.

நகரசபைப் பொறியியலாளர் ஒருவர் வந்து நிலத்தைத் துளைத்துப் பார்த்தார். நல்ல களிமண், கீழே ஒன்றுமில்லை என்றார். கிளிபோட்டின் மனைவி அன்ரனெற் போனில் அன்ட்ரூவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போனைக் கணவரிடம் நீட்டினார்.

"அண்ணை, கரி எடுத்த இடத்தில வீடு தாழுறது எங்களுக்குப் புதினமில்லை," என்றார் மேயர். "உங்கட வீட்டுக்குக் கீழ ஆர் தோண்டினது?"

கிளிபோட் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். தம்பி இரண்டாம் முறையும் வென்றபோது கீழ்த்தளம் முழுவதும் மண்ணுக்குள் போயிற்று. குடும்பம் மேல்மாடிப் படுக்கையறை யன்னலால் போய்வரப் பழகியது, தபால்காரரும் பழகினார்.

மூன்றாம் தேர்தலில் அன்ட்ரூ தோற்றார். செய்தி கேட்ட கிளிபோட், புல்லில் கதிரையைப் போட்டு, வீடு எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. மாறாக, மனைவியை இழந்து தனித்திருந்த அன்ட்ரூ பெட்டியோடு வந்து, யன்னலால் உள்ளே இறங்கி, அவர்களோடேயே தங்கிவிட்டார். தகப்பனோடு தமிழில் இரண்டு வசனம் சேர்த்துப் பேசாத மகள் ஸ்டெபனி, சித்தப்பாவோடு நாள்முழுக்கக் கதைத்தாள். வீடு தாழ்ந்தது.

"நீதான் தோத்துப்போனியே," என்றார் கிளிபோட் ஒரு மத்தியானம். "பிறகேன் இது எழும்பேல்லை?"

"சுரங்கத்தை மூடினாப்பிறகும் நிலம் தாழும், அண்ணை. தாழ்ந்த ஊர் மூழ்காம இருக்க நாங்கள் அங்க இன்னும் தண்ணி இறைச்சுக்கொண்டுதான் இருக்கிறம்." அன்ட்ரூ தேநீரைக் கலக்கினார். "நீங்கள் பிளேன் ஏறேக்க நானும் வயிறெரிஞ்சனான். நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை."

கிளிபோட் தன் கோப்பையை எடுத்தார். அப்போது அடுத்த தெரு ஸ்ரீஸ்கந்தராசா யன்னலுக்குள் தலையை நீட்டி, "மேயர் நிக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம், உள்ளுக்கு வாங்கோ," என்றார் கிளிபோட். வீடு ஒரு விரலளவு இறங்கியது. தேநீர் சிந்தாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர் இருக்க இடம் விட்டு அவர் தம்பியின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.