தட்டைப்பயறு வேரில் குடியேறியவர்கள்

ஆய்வுக்கூடத்தில் மண்ணுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரிகளை வளர்ப்பது அவள் வேலை. குடுவைகளோடு பேசிப் பேசியே வீட்டில் 'கிருமிக்காரி' என்று பேர் வாங்கிவிட்டாள். பேர் வைத்தது அண்ணி. தன் தட்டைப்பயறுத் தோட்டத்தில் பாதியைத் தூக்கிக் கொடுத்ததும் அதே அண்ணிதான்.

"ஒரு போகம் பாரு. தேறலைன்னா பழையபடி உரமூட்டைதான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

விதைகளை வெல்லத் தண்ணீரில் பிசறி, நுண்ணுயிர்ப் பொடியில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தார்கள். அன்றிலிருந்து மண்ணுக்கு மேலே நடப்பது எதுவும் அவள் கண்ணில் சரியாகப் படவில்லை. பேருந்தில் போகும்போதும், காலடி மண்ணின் இருட்டில் அந்த நுண்ணுயிரிகள் கோடிப் பேர் நீந்தி வேரைத் தேடுவதாகத் தோன்றும். வேர் கதவைத் திறக்கும். உள்ளே போய்ச் சின்னச் சின்ன முடிச்சுகளில் குடியேறி, காற்றிலிருந்து சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுவார்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு முறை கோட்டைவிட்டாள்.

ஐந்தாவது வாரம், பனி விலகாத காலையில், இருவரும் வேர் பார்க்கப் போனார்கள். செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. ஒன்றை மெல்லத் தோண்டி எடுத்தாள். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. அடுத்ததும் மொட்டை. இத்தனை நாளும் காலி வீட்டைப் பற்றியா கனவு கண்டாள்?

"செடி நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அண்ணி, முகத்தைப் பார்க்காமல்.

"உள்ள யாருமே இல்ல அண்ணி. இந்தப் பச்சை வேற எங்கிருந்தோ வந்திருக்கு."

அண்ணிக்குப் பொய் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. "மூணாவது வாரம் எல்லாம் வெளுத்துப் போச்சு. நீ வந்து பார்த்தா உடைஞ்சு போயிடுவியேன்னு யூரியா போட்டுட்டேன். நீ தோத்துடக் கூடாதுன்னுதான்டி."

கோபப்படப் பார்த்தாள். வரவில்லை.

"எல்லா வரிசைக்குமா?"

"கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள உங்க அண்ணன் வந்துட்டாரு. பார்த்தா உன்கிட்ட உளறிடுவாருன்னு மூட்டையை ஒளிச்சு வச்சுட்டேன்."

கடைசி வரிசைச் செடிகள் கொஞ்சம் குட்டை. ஒன்றைத் தோண்டினாள். வேர் முழுக்க முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே ரத்தச் சிவப்பு. எல்லாரும் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப மத்த செடில மட்டும் ஏன் வரல?" என்றாள் அண்ணி.

"உக்காந்த இடத்துக்கே சாப்பாடு வந்தா வேர் எதுக்குக் கதவைத் திறக்கும்? எங்க அண்ணன் என்னைக்காவது அடுப்படிப் பக்கம் வந்திருக்காரா?"

அண்ணி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாமே இப்படி வந்திருக்கும், இல்ல?"

"வந்திருக்கும் அண்ணி."

அண்ணி அந்தச் செடியைக் குழியில் திரும்ப வைத்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள்.

"அடுத்த போகம் தோட்டம் முழுசும் எடுத்துக்கோ," என்றாள். "போகும்போது அந்த யூரியா மூட்டையையும் எடுத்துட்டுப் போயிடு. என்னை நம்பாதே."