தண்ணீரில் மூழ்கிய எண்ணெய்

தீக்குச்சி மேஸ்திரிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. டிரான்ஸ்பார்மர் பழுது பார்க்கும் அந்தப் பட்டறைக்கு யார் புதிதாக வந்தாலும் அவர்களை நிறுத்தி வைத்து ஒரு வித்தை காட்டுவார். கந்தல் துணியைத் திரியாக முறுக்கி, டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் நனைத்து, தீக்குச்சியைக் கிழித்து வைப்பார். திரி குபுகுபுவென்று எரியும். பிறகு மூலையில் கிடக்கும் பழைய, பெரிய டிரான்ஸ்பார்மரின் எண்ணெயில் இன்னொரு திரியை நனைத்து, அதற்கும் தீ வைப்பார். என்ன செய்தாலும் அது எரியாது, ஓரம் கருகுவதோடு சரி. "பார்த்தீங்களா? இதுதான் அசல் சரக்கு!" என்று மீசையைத் தடவிக்கொள்வார். பார்த்தவர்கள் வாயைப் பிளக்காமல் அவர் விடுவதில்லை.

அன்று பழைய டிரான்ஸ்பார்மர்களைச் சோதிக்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மேஸ்திரி வழக்கம்போல ஜம்பமாகத் திரியை நனைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார்.

"ஐயையோ, வைக்காதீங்க! அதைக் கீழ போடுங்க!" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"பயப்படாதீங்க மேடம், இது பிடிக்காது."

"பிடிக்காதுங்கறதுதான் எனக்குப் பயமே. ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

கையுறையை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். எண்ணெய் என்றால் மிதக்க வேண்டும். இது நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் அந்த எண்ணெயோடு மல்லுக்கட்டிய மேஸ்திரி இதைப் பார்த்ததே இல்லை. யார் எண்ணெயைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள்?

"இது எண்ணெயே இல்ல. பென்சீன்லேருந்து வர்ற ஒரு பொருள்ல குளோரினை ஏத்திச் செஞ்ச ரசாயனம். பி.சி.பி.ன்னு சொல்வாங்க. தீப்பிடிக்கக் கூடாதுன்னுதான் ஒரு காலத்துல இதை டிரான்ஸ்பார்மர்ல ஊத்தினாங்க. மண்ணுல போனா மக்காது, உடம்புல போனாலும் லேசுல போகாது. இதை யாரும் கையால தொடலியே?"

டிரான்ஸ்பார்மருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற தொழிலாளி தம் முழங்கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். காலையில்தான் அதில் இந்த எண்ணெயைத் தேய்த்திருந்தார். மூட்டு வலி, சுளுக்கு என்று எது வந்தாலும் அந்தப் பட்டறையில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய்தான் மருந்து. தேய்த்தால் சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு சீக்கிரம் போகாது. இரும்பையே காப்பாற்றுகிற எண்ணெய் எலும்பை என்ன செய்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"தோல் வழியாவே உள்ள போயிடும்," என்றார் அதிகாரி. "கொழுப்புல போய் ஒட்டிக்கும். ஈரலைக் கெடுக்கும், புத்துநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். பெத்தவளோட பால்ல கொழுப்பு இருக்கில்ல, அது வழியா பிள்ளைக்கும் போகும். யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கீங்களா?"

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதோ வந்துடறேன்" என்று சொன்னாரா, சொல்ல நினைத்தாரா, அவருக்கே தெரியாது. அந்த அம்மா பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

வீட்டில் அந்த எண்ணெய் இருந்தது. அவர்தான் கொடுத்திருந்தார். மனைவிக்கு முழங்கால் வலி. ஒருமுறை எண்ணெய்க் கையோடு அடுப்பை மூட்டப் போய்ச் சட்டைக்கையில் தீப்பிடித்து, மணிக்கட்டுவரை வெந்துபோனது. அதிலிருந்து எண்ணெய் என்றாலே அவளுக்குக் குலை நடுக்கம். அதனால்தான் மேஸ்திரி இருக்கிற எண்ணெயிலெல்லாம் திரி நனைத்துப் பார்த்து, எரியவே எரியாத எண்ணெயாகத் தேடிப் புட்டியில் நிரப்பினார். "இனிமே தைரியமா தேய்ச்சுட்டு அடுப்புக்கிட்ட போ" என்று அவர் கொடுத்தபோது அவள் முகத்தில் வந்த நிம்மதி அவருக்கு இன்னும் கண்ணுக்குள் நின்றது. ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்த காரியம் இப்படியா வந்து முடிய வேண்டும்?

முழங்கால்தானே, அவளும் நானும் பட்டுக்கொள்வோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவேளை இந்தத் தடவை தவறிப்போய் வேறு எண்ணெயை ஊற்றியிருக்கலாம் என்றும் ஒரு நப்பாசை.

நேராகச் சமையலறைக்குள் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். புட்டியைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டார். அது ஒரு கணம் மேலேயே நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நழுவி, அடியில் போய் விழுந்தது.

"என்னங்க இந்நேரத்துல வந்து விளையாட்டு?" என்று சிரித்தபடி வந்தாள் மனைவி. "அட, எண்ணெய் முழுகுது!"

அவர் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். போன வாரம்தான் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தார். இப்போது அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"இவ்வளவையும் நீ ஒருத்தியா உன் காலுக்குத் தேய்ச்ச?"

"எனக்கு எங்க? பிள்ளை பெத்ததுலேருந்து நம்ம பொண்ணுக்கு இடுப்பு விட்டுப்போகுது. தினமும் நான்தான் அழுத்தித் தேய்ச்சு விடறேன். உங்க கைவைத்தியத்துல இப்பதான் நிமிர்ந்து நடக்கிறா."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அறைக்குள் மகள் கைக்குழந்தையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு பால் கொடுக்க உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"கொடுக்காதே!" என்று கத்திவிட்டார். பிறந்ததிலிருந்து அப்பா தன்னை அதட்டிப் பார்த்திராத மகள் வெலவெலத்துப்போனாள். குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது.

"என்னாச்சுப்பா?"

தட்டுத் தடுமாறிச் சொன்னார். மனைவி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே தேய்ச்சேன், நான்தானே தேய்ச்சேன்" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

"தீப்பிடிக்குதான்னு நல்லாப் பார்த்துதாம்மா கொண்டுவந்தேன்," என்றார் மேஸ்திரி. "அதை மட்டுந்தான் பார்த்தேன்."

குழந்தை பசியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, அம்மாவின் மார்பைத் தேடியது.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்ப்பா. இவனுக்கு இப்பப் பசிக்குது. நான் பால் கொடுக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

அதைச் சொல்லத்தான் அந்த அதிகாரி அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டும்.

"தெரியலம்மா," என்றார் மேஸ்திரி. "கேக்காம ஓடி வந்துட்டேன்."