திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வரவும்

1

இந்தக் கதை கழிப்பறையில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழையைப் பார்த்தால் கதை வருகிறது, ரயிலில் ஏறினால் வருகிறது. எனக்கு ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் தூக்கியபோது வந்தது. [இல்லை, மூடியைத் திரும்ப வைத்தபோது. இதை ஐந்தாம் பகுதியில் சரி செய்கிறேன்.]

கதாநாயகர் ஒரு செயலாளர். பன்னிரண்டு வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கச் செயலாளர். அவர் நான் இல்லை. நானும் எங்கள் குடியிருப்புக்குச் செயலாளர்தான், இங்கேயும் பன்னிரண்டு வீடுகள்தான். ஆனாலும் அவர் வேறு, நான் வேறு. முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வம்பு இல்லை பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: 'தண்ணீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல.' அடித்துவிட்டேன். பின்னே வேறு என்னவாம்?

இரண்டாவது: 'பழைய டாய்லெட்டைப் பெயர்த்து எடுத்த காலையில் செயலாளரின் கண்கள்' - இதையும் பாதியில் விட்டுவிட்டேன். டாய்லெட்டுக்காக யாரும் கண் கலங்குவதில்லை.

நேராகவே சொல்கிறேன். செயலாளர் வீட்டுப் பழைய டாய்லெட் ஒரு தடவைக்குப் பதின்மூன்று லிட்டர் தண்ணீரைக் கொட்டும். அதைக் குறைக்க, மணல் நிரப்பிய இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களை அதன் டேங்குக்குள் ஏழு வருடமாக நிறுத்தி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மூடியைத் தூக்கிக் காட்டுவார். காபி குடித்துக்கொண்டிருப்பவரைக்கூட எழுப்பிக் கூட்டிப்போவார். இந்த ஆண்டுதான் மனம் வந்து, தண்ணீர் சேமிக்கும் புது மாடலுக்கு மாறினார். பெரிய பட்டனுக்கு ஆறு லிட்டர், சின்ன பட்டனுக்கு மூன்று.

பிளம்பர் பொருத்தி முடித்துவிட்டு, சிமெண்ட் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"சார், இது அளந்து வச்ச தண்ணி. உள்ள எதையும் போட்டுடாதீங்க."

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா?" என்றார் செயலாளர்.

பிளம்பர் படியிறங்கியதுதான் தாமதம், பழைய பாட்டில்கள் இரண்டையும் துடைத்து, புது டேங்குக்குள் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தினார். ஆறு நல்லதென்றால் நாலு இன்னும் நல்லதுதானே.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. டாய்லெட்டுக்குத்தான் கணக்குத் தெரியாது.)

3

மாமனார் பாத்திரம்தான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர், மகள் வீட்டோடு வந்து தங்கி ஒரு வருடம் ஆகிறது. மருமகனோடு மல்லுக்கு நிற்கிற முரட்டு ஆளாக அவரை வைத்தால் கதை களைகட்டும் என்று நினைத்தேன். எவ்வளவு சீண்டியும் மனிதர் சண்டைக்கே வரவில்லை.

வீட்டில் மூன்று பேர், டாய்லெட் ஒன்று. புது டாய்லெட் ஒரே தடவையில் எதையும் கொண்டுபோகவில்லை. செயலாளர் மூன்று தடவை அமுக்கிவிட்டு, அன்றைக்கு வயிறு சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தினமும் சொல்லிக்கொண்டார். அவர் மனைவி பேசாமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். மாமனாருக்கு வலது தோள் எழாது. வாளி தூக்க முடியாது.

ஆக, மாட்டிக்கொண்டவர் அவர்தான். கதவின் உட்பக்கம் ஓர் அறிவிப்பு வந்தது: 'பெரிய பட்டனை அழுத்தவும்.' நான்காம் நாள் இன்னொன்று, பிளாஸ்டிக் உறை போட்டு: 'திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வரவும்.' மூன்று பேர் இருக்கிற வீட்டில் அது யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"பாத்துட்டுத்தான் மாப்ளே வரேன். நாலு தடவ அமுக்கினேன். போக மாட்டேங்குது."

"கம்பெனிக்காரன் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் விக்கிறான் மாமா. எல்லாம் அமுக்கறதுலதான் இருக்கு."

மாமனார் சரி என்று தலையாட்டினார். மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரியை இறக்கியவருக்கு ஒரு பட்டனை அமுக்கத் தெரியவில்லையாம்.

4

அதற்கப்புறம் அவர் விடிந்ததும், "ஒரு நடை போய்ட்டு வரேன்" என்று கிளம்ப ஆரம்பித்தார். பேருந்து நிலையத்துப் பொதுக் கழிப்பறைக்கு. இரவில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துகொண்டார். மேசையில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனார்கள்.

"ஏங்க, அப்பா தண்ணி குடிக்கறதயே விட்டுட்டாரு," என்றாள் மனைவி. "ஏம்ப்பான்னு கேட்டா, உள்ள போற வேல கம்மியாகும்லங்கறாரு."

[இந்த வீட்டில் அதிகம் தண்ணீர் சேமித்தவர் மாமனார்தான் என்று இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். எடுத்ததைச் சொல்லும் சாக்கில் சொல்லியும்விட்டேன். எழுத்தாளன் புத்தி.]

5

அன்று மாலை செயலாளர் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டு, மூடியைத் தூக்கினார். பாட்டில்கள் இரண்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. பிளம்பர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. எடுக்க அரை நிமிடம் ஆகாது. எடுத்தால் மனைவி ஏனென்று கேட்பாள். மாமனாரிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், பன்னிரண்டு வீட்டாரும் இப்படியே பாட்டில் வைக்கலாம் என்று வேறு பேசுவதாக இருந்தார். நான் மூடியைத் திரும்ப

செயலாளர் மூடியைத் திரும்ப வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கதை எழுத உட்கார்ந்தார்.

6

முடிவு, முதல் வகை: கூட்டத்தில் கைதட்டல். மறுவாரம் பன்னிரண்டு வீட்டிலும் ஆளுக்கு நாலு தடவை அமுக்கி, மொட்டைமாடித் தொட்டி மதியத்திலேயே காலி. சிரிப்பு வரும். ஆனால் மாமனார் இன்னும் பேருந்து நிலையத்துக்கே நடந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது வகை: யாருக்கும் தெரியாமல் பாட்டில்களை எடுத்துவிடுகிறார். டாய்லெட் ஒழுங்காக வேலை செய்கிறது. "பாத்தீங்களா மாமா, இப்பதான் சரியா அமுக்கறீங்க," என்கிறார். மாமனார் சிரிக்கிறார். நான்கு நாள் இந்த முடிவைத்தான் வைத்திருந்தேன். மூக்கு உடைபடாத முடிவு. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம்தான் அருவருப்பாக இருக்கிறது.

7

என் கதைகளை முதலில் படிப்பவள் என் மனைவி. கேட்காமலே எடுத்துப் படிப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மேசையில் வைத்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்று காலை எழுந்து வந்து பார்க்கிறேன், தாள்களின் மேல் இரண்டு மணல் பாட்டில்கள் நிற்கின்றன. தண்ணீர் சொட்டி இரண்டாம் பகுதி முழுக்க மை ஊறிக் கிடக்கிறது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'கதை நல்லா இருக்கு. செயலாளர் வேண்டாம், நான்னு மாத்துங்க. அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.'

வாசலில் மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"மாப்ளே, ஒரு நடை போய்ட்டு வரேன்."

'மாமா, ஒரு சின்ன விஷயம்' - சின்ன விஷயமா இது? அடித்துவிட்டேன். 'மாமா, அந்த பிளம்பர் என்ன பண்ணிட்டார்னா' - இதையும் அடித்துவிட்டேன். 'மாமா, தப்பு உங்க மேல'

இத்தனை பக்கம் எழுதினேன், அந்த ஒரு வரி வரவில்லை. உங்களுக்கு வருகிறதா பாருங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம், அவர் இரண்டாவது செருப்பையும் மாட்டிவிட்டார்.

"மாமா,