குளத்தங்கரை மண்

எங்கள் ஊர்க் குளத்தை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். சோதனைக்குச் சுத்தமான மண் வேண்டும் என்று பேராசிரியர் மணிவண்ணன் சொன்னதும் நான் வேறெங்கும் தேடவில்லை. நேராக ஊருக்குத்தான் பஸ் ஏறினேன்.

சோதனை எளிது. கண்ணாடிக் குவளையில் சேற்றைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, சின்னச் சிவப்புப் புழுக்களை விட வேண்டும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியின் சேற்றில் விஷம் இருந்தால் புழு சாகும். பக்கத்துக் குவளையில் நல்ல மண்ணின் புழு பிழைத்துக் கிடந்தால்தான் அந்த முடிவு செல்லும்.

நான் கரையோரம் வாளியில் அள்ளியபோது அண்ணி பூமாலையும் கூட வந்திருந்தார். மசக்கை. காய்ந்த கட்டி ஒன்றைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல மண்ணுதானே அம்பிகா?"

"காலேஜுக்கே கொண்டுபோற மண்ணு அண்ணி. பயப்படாம சாப்புடுங்க" என்று சிரித்தேன். அண்ணி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார்.

காலேஜில் சோதனையின் கடைசி நாள் சேற்றைச் சலித்தேன். குழிச் சேற்றில் புழுக்கள் துள்ளின. எங்கள் குளத்து மண்ணில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. குவளையை மாற்றி வைத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி செய்தேன். மறுபடியும் எல்லாம் செத்துக் கிடந்தன.

"குளத்துல என்ன கலக்குது?" என்றார் பேராசிரியர்.

"ஒண்ணும் இல்ல சார். பக்கத்துல ஒரு ஆலைகூடக் கிடையாது."

"பருத்திக்கு மருந்தடிக்கிற டேங்க்கை எங்க கழுவுறாங்க?"

என் அண்ணன் உட்பட ஊரே கழுவுவது அந்தக் கரையில்தான். அந்த நுரையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். ஒரு நாளும் அது எனக்கு அழுக்காகத் தெரிந்ததில்லை.

வராந்தாவுக்கு ஓடி போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார். எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, வாயில என்ன?"

"அதே மண்ணுதான். தீந்துபோச்சுன்னேன். நேத்து டேங்க்கு கழுவப் போன உங்கண்ணன் இன்னொரு பை அள்ளியாந்தாரு."

"துப்புங்க. வாயைக் கழுவிட்டு இப்பவே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. அது விஷம் அண்ணி."

மெல்லும் சத்தம் நின்றது.

"நீதான சாப்பிடச் சொன்ன?"