பெட்டி போன கப்பல்

வெங்கடநாராயணன் எந்தக் கூட்டத்துக்கும் முதலில் போனதில்லை. அரசு வங்கியில் உதவிப் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் உட்கார்ந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, நாலு பேர் வாசலை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகு நுழைவதுதான் அந்தப் பதவிக்கு அழகு என்பது அவர் கட்சி. பதவி போய் ஒன்பது வருஷம் ஆகியும் அழகை மட்டும் விடவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹவுராவுக்கு எதிர்க்கரையில், பாபுகாட் படித்துறைக்கு மேலே ஒரு டீக்கடை பெஞ்சில், ஜரிகை அங்கவஸ்திரம் மடிப்புக் கலையாமல், மண் குவளையை இரண்டு விரலால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி ஜகதாம்பாள். கீழே கங்கையில், லேக் கார்டன்ஸ் தமிழ்ச் சங்கமம் வாடகைக்கு எடுத்த லாஞ்ச் படகு சாமந்தித் தோரணத்தோடு நின்றிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அதன் மேல்தளத்தில் அவருக்கு ‘சாகர சஞ்சாரி’ என்று பட்டம். அடுத்த ஞாயிறு சங்கத் தலைவர் தேர்தல். பட்டம் வாங்கியவரை எதிர்த்து யார் நிற்கப் போகிறார்கள்?

பட்டம் எதற்கு என்றால், செப்டம்பரில் அவர் கிரீஸ் போய் வந்தார். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினித் தீவுக்கு எட்டு மணி நேரம் கப்பல். புயல். வெள்ளைக்காரர்கள் எல்லாம் வாந்தி. இவர் மட்டும் தளத்தில் நின்று சஹஸ்ரநாமம். கேப்டனே இறங்கி வந்து கை குலுக்கினான். முதல் தடவை சொன்னபோது ஆள் உயரம் இருந்த அலை, தீபாவளிக்குள் மூன்று மாடி ஆகிவிட்டது. போட்டோ கேட்டவர்களுக்கு, போன் கடலில் விழுந்துவிட்டது. அத்தாட்சி என்று இருந்தது ஒன்றே ஒன்று: கப்பல் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய நீலப் பெட்டி. அதை இன்று மேடையில் வைப்பதாக ஏற்பாடு.

“ஏன்னா, மணி நாலு நாப்பத்தி மூணு. போலாமா?”

“இரு. எல்லாரும் ஒக்காரட்டும்.”

“ராகுகாலம் வந்துடுத்தே.”

“அதான் நாலு இருபதுக்கே பெட்டியை ஏத்தியாச்சே? பரஸ்தானம் ஆயிடுத்து. நல்ல நேரத்துல சாமான் கெளம்பிட்டா, நாம எப்ப வேணாலும் கெளம்பலாம். சாஸ்திரம்.”

ஜகதாம்பாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “பிரேயஸ்லயும் இதான் சொன்னேள்.”

அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டார்.

பிரேயஸில் நடந்தது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். சனிக்கிழமை. ஒன்பதரைக்குக் கப்பல், ஒன்பதுக்கு ராகுகாலம். எட்டு ஐம்பதுக்கே பெட்டியைக் கப்பலின் கீழ்த்தட்டில் சாமான் அடுக்கில் வைத்துவிட்டுக் கரைக்கு வந்தார். கப்பல் ஆடும், தயிர்சாதத்தை ஆடாத தரையில் சாப்பிடுவது உத்தமம். பெட்டி ஏறி ஆள் ஏறாவிட்டால் விமானமே கிளம்பாது, கப்பல் எப்படிக் கிளம்பும் என்றார். மாவடுவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கப்பல் கிளம்பிவிட்டது. சாண்டோரினியைப் பெட்டி பார்த்தது. இவர்கள் ஏதென்ஸ் ஓட்டலில் நாலு நாள் மாற்று உடுப்பு இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

கீழே நீளமாக ஒரு ஊதல்.

அவர் நிமிர்ந்தபோது சாமந்தித் தோரணம் நகர்ந்துகொண்டிருந்தது. ஜெட்டி என்கிற மிதவை மேடைக்கும் லாஞ்சுக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் ஒரு முழம் தெரிந்தது. பிறகு ஒரு வீட்டு அகலம் தெரிந்தது.

“ஏய்! நிறுத்து! ஹோய்!”

அங்கவஸ்திரம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக அவர் ஜெட்டிக்கு ஓடி வந்தபோது லாஞ்ச் நடு ஆற்றில் ஹவுரா பக்கம் திரும்பியிருந்தது. டிக்கெட்காரன் சாவகாசமாகச் சொன்னான்: ஜெட்டியில் வழக்கமான படகு வந்து நிற்க வேண்டும், வாடகை லாஞ்ச் ஒரு நிமிஷம் கூட நிற்கக்கூடாது.

“போனாப் போறது,” என்றார் மூச்சு வாங்க. “சீஃப் கெஸ்ட் இல்லாம என்ன பண்ணுவா? திரும்பி வருவா.”

“ஏன்னா.” ஜகதாம்பாளின் குரல் இறங்கியிருந்தது. “அந்தக் கடுதாசி.”

“எந்தக் கடுதாசி?”

“கப்பல் கம்பெனிக்காரன் பெட்டியைத் திருப்பி அனுப்பினப்போ வெச்சிருந்தானே. இன்ஷூரன்ஸுக்கு வேணும், பத்திரமா வைன்னேளே. பெட்டி மூடியில ஜிப் போட்டு வெச்சேன்.”

அவருக்கு அந்த ஆங்கிலக் கடிதம் வரி வரியாக மனப்பாடம். உங்கள் பெட்டி தீவு வந்து சேர்ந்தது. பயணிகள் இருவரும் கப்பலில் ஏறவில்லை என்பதால், துணையில்லாச் சாமானாகத் திருப்பி அனுப்புகிறோம். கீழே முத்திரை. அதே மூடிப் பைக்குள் இன்று காலை அவர் கையாலேயே திணித்தது, பதினாலு பக்க ஏற்புரை.

போன் அடித்தது. சங்கச் செயலாளர் மஹாதேவன்.

“சார், மேல் டெக்ல தேடறோம், கீழ தேடறோம், எங்க இருக்கேள்?”

“கரையில!”

“ஐயையோ! பெட்டி வந்தாச்சு, ஆளும் வந்திருப்பார்னு நான்தான் கெளம்பச் சொன்னேன் சார்! சரி, பதறாதீங்கோ. ஹவுராவுல ரயில்வே ஆளுங்களை ஏத்திக்க இருபது நிமிஷம் நிக்கறோம். அங்க வந்துடுங்கோ. அதுவரைக்கும் சபையை சும்மா ஒக்கார வெக்க முடியாது, ஸ்பீச் பெட்டியிலதானே இருக்கு? நானே படிக்க ஆரம்பிச்சுடறேன்.”

“தொறக்காதேயும்! நம்பர் லாக் அது!”

“நம்பர் சொல்லுங்கோ.”

“மறந்துடுத்து!”

“பரவால்ல சார்,” என்றது போன், கனிவாக. “இருபத்தேழு வருஷம் பேங்க் லாக்கர் செக்ஷன்ல குப்பை கொட்டினவன் நான். பாத்துக்கறேன்.”

ஹவுரா படகு வந்து இடித்து நின்றது. ஜனம் இறங்குவதும் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. மிதவை மேடை காலடியில் ஏறி இறங்கியது. வெங்கடநாராயணன் பலகையின் விளிம்பில் நின்றார். நாலு ஐம்பத்தைந்து. நட்ட நடு ராகுகாலம். இந்த அறுபத்தொன்பது வயசு வரை ராகுகாலத்தில் அவர் கிளம்பியதே இல்லை. பணி ஓய்வு விழாவில் கூட முக்கால் மணி நேரம் கழிவறையில் காத்திருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

“பரஸ்தானம்தான் ஆயிடுத்தே, ஏறுங்கோ,” என்றாள் ஜகதாம்பாள்.

“அது அந்தப் படகுக்குடி! இது வேற படகு!”

“தாது, தாடாதாடி!” தாத்தா, சீக்கிரம் என்று படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வங்காளியில் கத்தினான். பின்னாலிருந்து காய்கறிக் கூடை ஒன்று முதுகில் முட்டியது. வலது காலை வைத்தாரா இடது காலை வைத்தாரா என்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை.

உட்கார இடமில்லை. இரும்புத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஒரு மண் பாரப் படகு குறுக்கே போக, அதன் அலையில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் சிதறி ஜரிகை நனைந்தது. யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி நின்றபடியே மொபைலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடி சஹஸ்ரநாமம் ஆரம்பித்தார். மூன்றாவது நாமத்துக்குமேல் வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது டீ.

“ஜகதா, மயக்கமா வரது.”

“தூரமாப் பாருங்கோ. பாலத்தைப் பாருங்கோ.”

பாலத்துக்குக் கீழே, ஹவுரா படித்துறையில், சாமந்தித் தோரணம் தெரிந்தது. ரயில்வே குடும்பங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மஹாதேவனின் குரல் மைக்கில் துண்டு துண்டாக ஆற்றின்மேல் வந்தது. “...அன்று ஏஜியன் கடல் கொந்தளித்தது... அடியேன் மட்டும் அசையாமல்...” திறந்துவிட்டான்! படிக்கிறான்! பதினாலு பக்கம் இருக்கிறது, கடிதம் கடைசியில் இருந்தால் பிழைத்தோம், என்று அவர் நகத்தால் தூணைச் சுரண்டினார். படகு கரையை நெருங்க நெருங்கக் குரல் தெளிவானது. “...மூன்று மாடி உயர அலையில்...” கைதட்டல். அப்புறம் ஒரு தாள் புரளும் சத்தம். அப்புறம் மஹாதேவன், அதே மேடைக் குரலில், நிறுத்தாமல், ஆங்கிலத்துக்கு மாறினார்.

இரண்டு வரி கேட்டது. மூன்றாவது வரியில் மைக் அணைந்துவிட்டது.

அவர் லாஞ்சின் படியேறி மேல்தளத்துக்கு வந்தபோது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பாலத்தைப் பார்த்தார்கள். மேடையில் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் நீலப் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன்மேல் பொன்னாடை. கைப்பிடியில் ரோஜா மாலை.

“நூத்தியெட்டு தானே சார் நம்பர்?” என்றார் மஹாதேவன் பணிவாக. “நம்மவா வேற என்ன வெப்பா. உக்காருங்கோ. உங்களுக்கு வேற நாற்காலி போடச் சொல்றேன். சால்வையை, வந்து... கப்பல்ல போனவாளுக்குன்னு போட்டுட்டோம்.”

எங்கோ பின் வரிசையில் ஒரு சிரிப்பு உடைந்தது. அது முன் வரிசைக்கு வந்து சேர நேரம் ஆகவில்லை.

வெங்கடநாராயணன் நனைந்த அங்கவஸ்திரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இப்ப, இந்த ராகுகாலத்துல, ஃபெர்ரியில ஆத்தைத் தாண்டி வந்தேன். அலை மேல அடிச்சுது. சத்தியமா.”

“யாரு, நீங்களா?” என்றாள் முன் வரிசையிலிருந்த அனந்தலக்ஷ்மி மாமி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ராகுகாலத்துலயா? போங்கோ சார், டாக்ஸியில பாலத்து மேல வந்திருப்பேள்.”

அவர் ஜகதாம்பாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து மிக்சர் எடுத்துக்கொண்டிருந்தாள்.